கொடுத்தவரை யார் கேட்டார்கள்?

(சற்று நீண்ட பதிவு. வீட்டிலோ உறவிலோ உறுப்புக் கொடை அளித்தவர் எவரேனும் இருப்பின் இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகிறேன்.)

எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓர் எண் வழக்கத்தில் இருக்கிறது. மாமா திண்ணையில் வந்து அமர்ந்ததும் பாட்டி கேட்பார், "இந்த மாசம் எவ்ளோ?" மாமா சொல்வார், "ஒண்ணு புள்ளி மூணு." அது அவருடைய கிரியாட்டினின் அளவு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அந்த எண் ஒன்றரையைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது தெரியும். எண் நன்றாக இருந்தால் வீடு இயல்பாகிவிடும். உள்ளே அம்மா காப்பி கலந்துகொண்டிருப்பார். 2013ஆம் ஆண்டு மாமாவின் உடலுக்குள் சென்ற சிறுநீரகம் அம்மாவுடையது. அம்மாவின் எண் என்ன என்று அந்தத் திண்ணையில் எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் வரை, கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம். சித்தூர் மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம். 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது நாங்கள் சித்தூரிலேயே தங்கிவிட்டோம். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும். மொழியியலில் முதுகலை முடித்து, இந்த எல்லைத் தமிழில் 'கொடுத்தல்' பொருள் தரும் வினைச்சொற்கள் எவ்வாறு வழங்குகின்றன என்று முனைவர்ப் பட்டத்திற்காக ஆய்ந்துகொண்டிருக்கிறேன். அம்மா ஓர் உறுப்பையே கொடுத்தவர் என்பதும், நான் கொடுத்தலின் இலக்கணத்தை ஆய்பவள் என்பதும் ஒரே வீட்டில் இத்தனை காலம் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன என்பதை இப்போது எண்ணும்போது வியப்பாகவும் வெட்கமாகவும் இருக்கிறது.

ஆய்வு மாணவர் அனைவரும் படித்தாக வேண்டிய ஆய்வு நெறிமுறைப் பாடத்தில், மனிதரை ஆய்வுக்கு உட்படுத்தும் முறை குறித்த வகுப்பில் அக்கட்டுரை தரப்பட்டது. மாதவ் கோயல் என்ற மருத்துவ ஆய்வாளர், ரவீந்திர மேத்தா, லாரன்ஸ் ஷ்னைடர்மன், அஷ்வினி சேகல் ஆகியோருடன் சேர்ந்து எழுதியது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2002ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியானது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'இந்தியாவில் ஒரு சிறுநீரகத்தை விற்பதன் பொருளாதார, உடல்நல விளைவுகள்' என்று அமையும். களம் சென்னை.

கட்டுரையின் இடத்தை உணர அதற்கு முந்தைய வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர் ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டையரான ரிச்சர்டுக்குப் பொருத்தினர். நெடுங்காலம் உழைத்த முதல் சிறுநீரக மாற்று அதுவே. ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியாவில், உயிருள்ளவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தும் பணி 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. எங்கள் ஊரார் 'பெரிய ஆஸ்பத்திரி' என்று சொல்லிக் கைகாட்டும் திசையும் வேலூர்தான். 1980களில் சைக்ளோஸ்போரின் என்ற எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்து பரவலானபோது, நெருங்கிய குருதி உறவு இல்லாதவரின் உறுப்பும் உடலில் தங்கத் தொடங்கியது. மருத்துவத்திற்கு அது பெரும் விடுதலை. அதே விடுதலைதான் சந்தையையும் திறந்தது. உறவல்லாதவரின் சிறுநீரகம் பயன்படும் என்றான பின், பணமுள்ள நோயாளிக்கும் கடன்பட்ட ஏழைக்கும் இடையில் தரகர் வந்து நின்றார். 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. தடைக்குப் பின்னும் அது மறைவாக நடந்ததைப் பல செய்திகள் காட்டின.

அப்போது உலக அளவில் ஒரு விவாதம் எழுந்தது. விற்பவருக்குப் பணம் கிடைக்கிறது, வாங்குபவருக்கு உயிர் கிடைக்கிறது, இருவரும் நலம் பெறும் இந்தப் பரிமாற்றத்தை ஏன் தடுக்க வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். கோயல் குழுவினர் அந்த வாதத்திற்குள் நுழையவில்லை. விற்றவர்களைத் தேடிச் சென்று, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டனர்.

2001 பிப்ரவரியில், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்தனர். விற்றுச் சராசரியாக ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காக விற்றவர்கள். கிடைத்த சராசரித் தொகை 1,070 டாலர். சொல்லப்பட்ட தொகை ஒன்று, கைக்கு வந்தது அதனினும் குறைவு. பணத்தின் பெரும்பகுதி கடனுக்கும் உணவுக்கும் உடைக்கும் சென்றது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் நான்கில் மூன்று பேர் இன்னும் கடனில் இருந்தனர். குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் 660 டாலரிலிருந்து 420 டாலராக, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் தம் உடல்நலம் முன்பைவிடக் குன்றிவிட்டது என்றனர். பாதிப் பேருக்கு அறுத்த இடத்தில் தொடர்ந்து வலி இருந்தது. மூன்றில் ஒருவருக்கு நீங்காத முதுகுவலி. உங்கள் நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டபோது, 79 விழுக்காட்டினர் மாட்டோம் என்றனர்.

விற்றவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். கணவர் விற்காமல் நீங்கள் ஏன் விற்றீர்கள் என்ற வினாவிற்கு அவர்கள் தந்த விடைகளில் இரண்டு அடிக்கடி வந்தன. கணவர் சம்பாதிப்பவர், அல்லது, கணவர் நோயாளி.

இந்த ஆய்வின் எல்லைகளை வகுப்பில் விரிவாகப் பேசினோம். உடல்நலம் பற்றிய விவரம் அவரவர் வாய்மொழி, குருதிச் சோதனை அல்ல. பழைய வருமானம் நினைவிலிருந்து சொல்லப்பட்டது. விற்காத ஏழைகளோடு ஒப்பிடும் குழு இல்லை. இவையெல்லாம் சரியே. எனினும் அவ்வகுப்பில் என்னைப் பற்றிக்கொண்டது வேறொன்று. சிறுநீரக மாற்று பற்றிய மருத்துவ இலக்கியத்தில் பெரும்பகுதி, மாற்றப்பட்ட உறுப்பு எத்தனை ஆண்டு உழைத்தது, பெற்றவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்றே கணக்கிடுகிறது. அத்தகைய வாக்கியங்களில் எழுவாய் உறுப்பு, அல்லது பெற்றவர். கொடுத்தவர் 'உயிருள்ள கொடையாளரிடமிருந்து' என்று ஒரு நீங்கற்பொருள் வேற்றுமையாக வந்து, அறுவை முடிந்ததும் வாக்கியத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். கோயலின் கட்டுரையில் 305 பேரும் எழுவாயாக இருந்தனர். அவர்கள் சொன்னார்கள், இழந்தார்கள், மறுத்தார்கள்.

அன்றிரவு விடுதி அறையில் அக்கட்டுரையின் வினாக்களை ஒரு தாளில் எழுதினேன். எதற்காகக் கொடுத்தீர்கள்? அதன்பின் வருமானம் என்னவாயிற்று? வலி இருக்கிறதா? இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்வீர்களா? எழுதி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது: என் அம்மாவைப் பற்றி இவற்றில் ஒன்றுக்குக்கூட எனக்கு விடை தெரியாது.

அம்மா விற்றவர் அல்லர். அவரையும் அந்த 305 பேரையும் ஒன்றாக வைப்பது இரு தரப்புக்கும் செய்யும் அநீதி. அவரைக் கடன் விரட்டவில்லை, தரகர் ஏமாற்றவில்லை. அறுவைக்கு முன் முறையாகச் சோதித்தார்கள். தம்பி உயிரோடு, நலமாக, கண்முன் நடமாடுகிறார். முறையாகச் சோதிக்கப்பட்ட கொடையாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் தரும் செய்தி பெரும்பாலும் ஆறுதலானது. மின்னசோட்டாவில் 1963 முதல் சிறுநீரகம் கொடுத்த 3,698 பேரைப் பற்றி ஹசன் இப்ராகிம் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் வாழ்நாள் பொதுமக்களின் வாழ்நாளை ஒத்தே இருந்தது. 2014இல் முசாலே குழுவினர் அமெரிக்கக் கொடையாளர்கள் 96,217 பேரை, அவர்களைப் போலவே உடல்நலமுள்ள, ஆனால் கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டனர். பதினைந்து ஆண்டுகளில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு கொடுத்தவர்களில் பத்தாயிரத்திற்கு ஏறத்தாழ 31 பேர். கொடுக்காதவர்களில் ஏறத்தாழ 4 பேர். விகிதம் பெரியது, எண்ணிக்கை சிறியது. ஆண்டுதோறும் குருதியழுத்தமும் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து வந்தால், இந்தச் சிறிய இடரில் பெரும்பகுதியை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். கேள்வி இதுதான்: யார் பார்க்கிறார்கள்?

2013இல் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது என் துறையின் கண்ணால் திரும்பப் பார்க்கிறேன். எனக்கு அப்போது பதினாறு வயது, இன்டர்மீடியட் முதலாண்டு. மாமாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். அத்தையின் குருதி வகை பொருந்தவில்லை. பாட்டிக்குச் சர்க்கரை. சின்ன மாமா சம்பாதிப்பவர். அவருடைய உடல் வீட்டுக்கு வேண்டும் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாயிற்று. அம்மாவின் குருதி வகை ஓ. தாத்தா வீட்டுத் திண்ணையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அம்மா கதவோரம் நின்றார். அன்று சொல்லப்பட்ட வாக்கியங்களில் எனக்கு நினைவிருப்பவை மூன்று. பாட்டி: "அவளுது சேருமாம்." அத்தை: "அக்கா குடுக்கும்." நைனா, பாட்டியைப் பார்த்து: "நீங்க சொன்னா அவ மாட்டேன்னா சொல்லப் போறா?"

மூன்று வாக்கியங்களும் படர்க்கை. கதவோரம் நின்ற பெண்ணை நோக்கி முன்னிலையில் ஒரு சொல்லும் இல்லை.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கொடுத்தலைப் பற்றி இரண்டு விதிகள் உண்டு. தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தவை. எச்சவியலில், இரப்போர் கூறும் சொற்கள் மூன்று: தாழ்ந்தவர் கேட்கும்போது 'ஈ', ஒத்தவர் கேட்கும்போது 'தா', உயர்ந்தவர் கேட்கும்போது 'கொடு'. கிளவியாக்கத்தில் இன்னொரு விதி: தருதல் என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடுத்தல் படர்க்கைக்கு உரியது. எனக்கு, உனக்கு என்றால் தருவது. அவருக்கு என்றால் கொடுப்பது. இக்காலத் தமிழில் இவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிட்டது. மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. எங்கள் தெலுங்கில் நாளெல்லாம் புழங்கும் 'இவ்வு' என்ற வினை, தமிழ் 'ஈ'யின் உடன்பிறப்பு.

முதல் விதியை வகுப்பில் படித்தபோது அதைச் சமூகப் படிநிலையின் விதியாகவே புரிந்துகொண்டேன். இப்போது அதில் இன்னொன்றும் தெரிகிறது. உயர்வு, ஒப்பு, இழிவு எதுவாயினும் அங்கே ஒருவர் வாய்திறந்து கேட்கிறார். கேட்கப்படுபவர் எதிரே நிற்கிறார். அவரால் மறுக்கவும் முடியும். என் அம்மாவிடம் 'ஈ' என்றும் எவரும் கேட்கவில்லை, 'தா' என்றும் கேட்கவில்லை, 'கொடு' என்றும் கேட்கவில்லை. அவர் கொடுப்பார் என்று அவரை வைத்துக்கொண்டே பிறருக்குச் சொன்னார்கள்.

ஒருமுறை மட்டும் கேட்டார்கள். நகரத்து மருத்துவமனை ஒன்றில், எல்லாச் சோதனைகளும் முடிந்து நாளும் குறித்த பின், ஓர் அலுவலர் படிவத்தை நீட்டி, "மீகு இஷ்டமேனா?" என்றார். தெலுங்கு அறிந்தவர்களுக்கு அந்த 'ஏனா' தரும் குறிப்பு புரியும். 'உங்களுக்குச் சம்மதந்தானே?' என்பது போன்ற வினா அது. விடையைத் தனக்குள்ளே வைத்துக்கொண்டு உறுதியை மட்டும் எதிர்பார்ப்பது. பக்கத்தில் நைனாவும் அத்தையும் நின்றிருந்தார்கள். அம்மா தலையசைத்துக் கையெழுத்திட்டார். சட்டப்படி அது ஒப்புதல். அதற்கடுத்த ஆண்டு, 2014இல், மைய அரசு வெளியிட்ட விதிகள், கொடுப்பவர் பெண்ணாயின் அவருடைய சுதந்திரமான ஒப்புதலைப் பெறுபவர் அல்லாத இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று சிறப்பாகச் சொல்கின்றன. விதியை எழுதியவர்கள் எங்கள் திண்ணையைப் போன்ற பல திண்ணைகளை அறிந்திருக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது தாளை எடுத்துச் சென்றேன். மாலையில் மாட்டுக்கொட்டகையில் அம்மாவோடு அமர்ந்து, ஆய்வுக்காகப் பேச்சுப் பதிவு எடுப்பதுபோலத் தொடங்கினேன். ஒலிப்பதிவுக் கருவியை இயக்கவில்லை.

"அதுக்கப்புறம் வலி ஏதாவது இருக்காம்மா?"

"எதுக்கப்புறம்?"

"கிட்னி குடுத்ததுக்கப்புறம்."

அம்மா சாணக்கூடையைக் கீழே வைத்தார். "இன்னா திடீர்னு?" என்றார். பிறகு இடப்பக்க விலாவின் கீழ், சேலைக்குள் கைவைத்துக் காட்டினார். குனிந்து புல்கட்டைத் தூக்கினால் அங்கே இழுக்குமாம். பனிக்காலத்தில் இரவெல்லாம் இருக்குமாம். "மெடிக்கல்ல ஒரு மாத்திர குடுப்பான். ரெண்டு போட்டா நின்னுடும்." எத்தனை நாளாக? "அது ஆச்சு, ஏழெட்டு வருசம்."

எனக்குக் கை நடுங்கியது. கடையில் கிடைக்கும் வலிமாத்திரைகளில் பல, சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைப்பவை. இரண்டு சிறுநீரகம் உள்ளவரே தொடர்ந்து உண்ணக்கூடாது; ஒன்று மட்டும் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாமாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் தலைவலிக்கும் மருத்துவரைக் கேட்டே மாத்திரை போடுவார். அந்த அறிவு அறுவைக்குப் பின் பெற்றவரோடு வீடு சென்றது. கொடுத்தவரோடு வரவில்லை. ஓராண்டு கழித்து ஒருமுறை சோதனைக்குச் சென்றாராம். அதன்பின் வரச் சொல்லி எவரும் அழைக்கவில்லை, நாங்களும் அழைத்துச் செல்லவில்லை.

வருமானம் பற்றிக் கேட்டேன். அம்மா சிரித்தார். "எனுக்கு இன்னா சம்பளமா?" என்றார். பிறகு அவரே கணக்குச் சொன்னார். அறுவைக்கு முன் நான்கு கறவை மாடுகள். மூன்று மாதம் எதையும் தூக்கக்கூடாது என்றதால், பார்த்துக்கொள்ள ஆளின்றி இரண்டை விற்றார்கள். விற்ற மாடுகள் திரும்ப வரவில்லை. அவற்றின் பால்பணம் அம்மாவின் கையில் நேரடியாக வந்த பணம். என் அக்காளின் படிப்பு அந்தப் பணத்தில்தான் ஓடியது. அதே ஆண்டு அக்காள் படிப்பை நிறுத்தியதற்கு எங்கள் வீட்டில் வழங்கும் காரணம், "அவளுக்குப் படிப்பு ஏறல" என்பது. மாமாவின் மருத்துவச் செலவு முழுவதையும் தாத்தா ஒரு நாட்குறிப்பேட்டில் பைசா வரை எழுதி வைத்திருந்தார். நான் அதை எடுத்துப் பார்த்தேன். பேருந்துக் கட்டணம்கூட இருக்கிறது. இரண்டு மாடுகள் இல்லை.

வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்ற கோயலின் வாக்கியத்தை நான் ஒரு புள்ளிவிவரமாகவே வாசித்திருந்தேன். 305 குடும்பங்களில் ஒவ்வொன்றிலும் இப்படி ஏதோ ஒன்று விற்கப்பட்டிருக்கும், யாரோ ஒரு பிள்ளைக்குப் 'படிப்பு ஏறாமல்' போயிருக்கும் என்பது அந்தக் கொட்டகையில்தான் விளங்கியது.

கடைசி வினாவைக் கேட்கத் தயங்கினேன். "வேற யாராவது குடுக்கட்டுமான்னு உன்ன வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

அம்மா நெடுநேரம் பேசவில்லை. "குடுக்கலாம்," என்றார். "உசிரு இல்ல அது? எந்தம்பி இல்லேன்னா எங்கம்மா இருந்திருக்குமா?" பிறகு, "ஆனா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார்.

"கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பியா?"

"இல்ல. குடுத்திருப்பன்."

என் ஆய்வில் துணைவினைகளுக்கென ஓர் இயல் உண்டு. 'கொடுத்தேன்' என்பதற்கும் 'கொடுத்துவிட்டேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன். அம்மா இதுவரை இந்தச் செயலைக் குறிப்பிட்ட போதெல்லாம் 'குடுத்துட்டன்' என்றே சொல்லியிருக்கிறார். முடிந்து கைவிட்டுப்போன ஒன்றைச் சொல்வதுபோல. 'குடுத்திருப்பன்' என்று, தம் விருப்பம் கலந்த வடிவில் அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மறுவாரம் அம்மாவைச் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். கிரியாட்டினின் 1.1, ஒரு சிறுநீரகத்தோடு வாழும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இது கவலைக்குரியதன்று என்றார். சிறுநீரில் புரதம் மிகச் சிறிதளவு. குருதியழுத்தம் 150க்கு 94. எத்தனை காலமாக இப்படி இருக்கிறதோ, கொடையால் வந்ததா வயதால் வந்ததா, எதையும் இப்போது சொல்ல முடியாது. இடையில் அளந்திருந்தால் சொல்லியிருக்கலாம் என்றார். வலிமாத்திரைகளை அன்றே நிறுத்தச் சொன்னார். அழுத்தத்திற்கு ஒரு மாத்திரை, உப்பு குறைவு, ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனை. நல்ல வேளையாக வந்தீர்கள் என்று அவர் சொன்னபோது நான் தலைகுனிந்திருந்தேன்.

ஜோசப் மர்ரே தம் நோபல் உரையில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். அறுவைக்கு முன் நடந்த கடைசிக் கலந்துரையாடலில் ரொனால்டு ஹெரிக், தன் சிறுநீரகத்தைக் கொடுத்தால் தன் வாழ்நாள் முழுவதும் தன் உடல்நலத்திற்கு மருத்துவமனை பொறுப்பேற்குமா என்று கேட்டார். அவருக்கு அறுவை செய்யவிருந்த ஹாரிசன், பொறுப்பேற்காது என்றார். உடனே, உங்களுக்கு உதவி தேவைப்படும் நாளில் இந்த அறையில் இருக்கும் எவரேனும் உங்களைக் கவனிக்க மறுப்பார்கள் என்று எண்ணுகிறீர்களா என்றும் கேட்டார். தம் எதிர்காலம் சட்ட உறுதியில் அன்றி மருத்துவர்களின் பொறுப்புணர்வில் தங்கியிருப்பதை ரொனால்டு புரிந்துகொண்டார் என்று மர்ரே எழுதுகிறார். வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்றின்போதே கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். அதற்கு இன்றும் பெரும்பாலான இடங்களில் அதே விடைதான். வீட்டுக்குத் திரும்பிய பின், அந்த 'அறையில் இருக்கும் எவரேனும்' என்பது நாம்தான்.

இதை வாசிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பு மாற்று பற்றி நம் மொழிகளில் எழுதும்போது, கொடையாளரை ஒரு நாள் போற்றி மறுநாள் மறக்கும் நடையைக் கைவிடுவோம். 'தானம்' என்ற சொல்லின் ஒளியில் கொடுத்தவரின் வலியும் வருமானமும் மறைந்துவிடுகின்றன. கோயலின் 305 பேரிடம் கேட்டவற்றைத் தாயிடமும் மனைவியிடமும் அக்காளிடமும் கேட்கும் ஆய்வுகள் நம் மாவட்டங்களில் இன்னும் பல வர வேண்டும்.

மாணவர்களுக்கு இன்னும் எளிய வேண்டுகோள். உங்கள் வீட்டில் கொடுத்தவர் ஒருவர் இருப்பாராயின், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவரை அழைத்துச் சென்று குருதியழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகிய மூன்றையும் பார்த்து வாருங்கள். மருந்துக்கடை வலிமாத்திரைகளை அவரிடமிருந்து விலக்குங்கள். எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எங்கள் தாத்தாவின் நாட்குறிப்பேட்டில் வெற்றுப் பக்கங்கள் மீதம் இருந்தன. அதில் அம்மாவின் பெயரை எழுதி, தேதியிட்டு, மூன்று எண்களையும் குறித்தேன். அடுத்த ஞாயிறன்று மாமா வந்தார். பாட்டி வழக்கம்போலக் கேட்டார், மாமா தம் எண்ணைச் சொன்னார். குறிப்பேட்டின் செய்தி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. அம்மா காப்பியோடு வெளியே வந்தபோது, டம்ளரை வாங்காமல் நிமிர்ந்து பார்த்து, "உனுக்கு எவ்ளோக்கா?" என்றார்.

அம்மாவுக்கு உடனே சொல்ல வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். "ஒண்ணு புள்ளி ஒண்ணு," என்றார்.